ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு நீராவி சிகிச்சை: அப்பாவுக்குச் செய்யலாமா?

பெருந்துறை செந்தில்:
வணக்கம். அப்பாவுக்கு 66 வயது. ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு நான்கு வருடமாக டாம்சுலோசினும் டியூட்டாஸ்டரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். முதல் வருடம் நன்றாக இருந்தது. இப்போது பழையபடி ராத்திரி நான்கைந்து தடவை எழுந்து போகிறார். வெளியூர்க் கல்யாணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ஸ்கேனில் ப்ராஸ்டேட் 54 கிராம், சிறுநீர் கழித்த பிறகும் பையில் 110 மில்லி தேங்குகிறது என்று வந்திருக்கிறது.

ஈரோட்டில் பார்த்த டாக்டர், சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டு ப்ராஸ்டேட் சதையை வெட்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி. ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். கோவையில் இன்னொருவரிடம் காட்டினோம். நீராவி வைத்துச் செய்கிற ரெசூம் என்ற முறை இருக்கிறது, கத்தியே கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். செலவு முதல் டாக்டர் சொன்னதைவிட நன்றாகவே கூடுதல். அப்பாவைக் கேட்டால் "நீயே பார்த்து முடிவு பண்ணு" என்கிறார். யாராவது செய்துகொண்டிருக்கிறீர்களா?

குறிஞ்சி மூலிகை:
ஆவி என்றால் நம்முடைய வேது மாதிரிதானே? அகலமான தொட்டியில் வெந்நீர் ஊற்றி உட்காரச் சொல்லுங்கள், நீர் தானாகப் பிரியும். கூடவே நெருஞ்சில் கஷாயம் ஒரு மண்டலம். இதற்குப் போய் ஆஸ்பத்திரிக்கு எதற்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும்?

வைகைக்கரை டாக்டர்:
வேது வெளியே பிடிப்பது. இது ப்ராஸ்டேட்டுக்கு உள்ளேயே நீராவியைச் செலுத்துவது. பெயரில் ஆவி இருப்பதைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

நான் யூராலஜி படித்தவன், இந்தச் சிகிச்சையையும் டி.யு.ஆர்.பி.யையும் கிட்ட இருந்து பார்த்தவன். நடப்பது இதுதான். சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா வைத்த கருவியை உள்ளே விடுவார்கள். அதிலிருந்து மெல்லிய ஊசி ஒன்று பக்கவாட்டில் நீண்டு ப்ராஸ்டேட் சதைக்குள் போகும். ஊசி முனையின் நுண்துளைகள் வழியாக 9 விநாடி நீராவி பாயும். ஊசியை இழுத்துக்கொண்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளி அடுத்த இடம். பக்கத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று ஊசி, நடு மடல் வளர்ந்திருந்தால் அதற்கும் ஒன்றிரண்டு. சின்ன ப்ராஸ்டேட்டாக இருந்தால் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும்.

கத்தி இல்லை என்பது உண்மைதான். ஆனால் "ஒன்றுமே இல்லை, சும்மா ஆவி" என்று சொல்வது விளம்பரப் பேச்சு. உள்ளே சதை சாகிறது, சிகிச்சையே அதுதான். செத்த செல்களை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆகும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை பிடிக்கும். அதுவரை உள்ளே வீக்கம் கூடும், குறையாது. அதனால்தான் சில நாள் சிறுநீர் போக டியூப்.

கஷாயத்தைப் பற்றி: அமெரிக்காவில் பெரிய அளவில் விற்ற சா பால்மெட்டோ என்ற மூலிகையை 225 பேரிடம் ஒரு வருடம் சோதித்தார்கள், 2006இல் முடிவு வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நெருஞ்சில் குடிக்க விரும்பினால் குடிக்கட்டும். பையில் 110 மில்லி தேங்குகிறவர் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

பாய்லர் பாலு:
திருச்சி பெல் ஆலையில் நீராவியோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன், அதனால் கேட்கிறேன். எவ்வளவு தண்ணீர்? என்ன வெப்பம்? பக்கத்திலேயே மலக்குடல் இருக்கிறதே, அங்கே பரவாதா?

வைகைக்கரை டாக்டர்:
ஒரு ஊசிக்கு அரை மில்லிக்கும் குறைவான தண்ணீர். கருவிக்குள்ளேயே ரேடியோ அலை மின்சாரத்தால் சூடாக்கி 103 டிகிரி ஆவியாக விடுகிறது. செல்களின் இடுக்குகளில் பரவி, அங்கேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். அந்த இடம் 70 டிகிரி வாக்கில் போகும், செல் சாக அது போதும். ப்ராஸ்டேட்டின் உள்மண்டலத்துக்கும் வெளிமண்டலத்துக்கும் நடுவே நார்த்திசுச் சுவர் இருக்கிறது, ஆவி அதைத் தாண்டுவதில்லை. செய்யும்போதே சிறுநீர்ப் பாதையில் சலைன் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் பாதையின் தோல் வேகாது.

பாய்லர் பாலு:
சரி, இப்போது கணக்கு புரிகிறது. ஒரு கிராம் நீராவி தண்ணீராக மாறும்போது 540 கலோரியை விட்டுவிடும். 0.4 கிராம் என்றால் இருநூறுக்குச் சற்று மேல். கொதிநீர் கையில் தெறிப்பதற்கும் இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு துளித் தண்ணீர் வேலை செய்வது அதனால்தான்.

ஆனால் என் சந்தேகம் வேறு. 1990களில் மைக்ரோவேவ் வைத்து ப்ராஸ்டேட்டைச் சுடும் முறை வந்தது. ஊசி வழியாக ரேடியோ அலையைச் செலுத்துவதும் வந்தது. என் மூத்த அதிகாரி ஒருவர் அப்போது பெரிய செலவில் செய்துகொண்டார், இரண்டு வருடத்தில் மறுபடி டி.யு.ஆர்.பி.க்குப் போனார். இதுவும் அந்த வரிசைதானோ?

வைகைக்கரை டாக்டர்:
நியாயமான கேள்வி. அந்த இரண்டிலும் சூடு சதை வழியாகக் கடத்தப்பட்டுப் பரவ வேண்டும். ஊசிக்குப் பக்கத்தில் அதிகம், தள்ளிப் போனால் குறைவு, ரத்த ஓட்டம் வேறு சூட்டை இழுத்துக்கொண்டு போகும். பலன் ஆளுக்கு ஆள் மாறியது. நீராவி சதையின் இடுக்குகளுக்குள் தானே நுழைந்து பரவுகிறது, அதனால் அந்த இடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடு. கொள்கையளவில் இது மேல்.

நடைமுறையில்? அமெரிக்காவில் 15 மையங்களில் 197 பேரை வைத்து நடந்த சோதனைதான் இதன் ஆதாரத் தூண். சிலருக்கு நிஜ சிகிச்சை, சிலருக்குக் கருவியை விட்டுச் சத்தம் மட்டும் கேட்கவைத்த பாவனைச் சிகிச்சை. மூன்று மாதத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து வருடம் பின்தொடர்ந்ததில் அறிகுறி மதிப்பெண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தே நின்றது. மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் 4.4 சதவீதம், மறுபடி மாத்திரைக்குப் போனவர்கள் 11.1 சதவீதம். மைக்ரோவேவ் காலத்தோடு ஒப்பிட்டால் நல்ல எண்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சோதனைக்குப் பணம் போட்டது கருவியை உருவாக்கிய நிறுவனமே. பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டது மூன்று மாதம் மட்டும்தான். டி.யு.ஆர்.பி.யோடு நேருக்கு நேர் மோதிப் பார்த்த சோதனை அல்ல அது. சிறுநீர் வேகம் எவ்வளவு கூடுகிறது என்று மட்டும் பார்த்தால் டி.யு.ஆர்.பி. இன்னும் முன்னால்தான் நிற்கிறது.

சேலம் வாசுகி:
அப்பாடா, ஒருவராவது சொன்னீர்களே. என் மாமனாருக்கு 2011இல் டி.யு.ஆர்.பி. செய்தோம். மூன்று நாள் ஆஸ்பத்திரி, கொஞ்சம் ரத்தம் போனது, அவ்வளவுதான். இன்றுவரை ஒரு மாத்திரை கிடையாது, ராத்திரி ஒரு தடவைக்கு மேல் எழுவதும் கிடையாது. பழசு என்பதாலேயே அதை மட்டமாகப் பேசுகிறார்கள்.

ஹாரோ சிவா:
வணக்கம் செந்தில் தம்பி. நான் செய்துகொண்டவன், அதால எழுதுகிறேன். ஊர் மானிப்பாய், இருப்பது லண்டன் பக்கம். இங்கே 2020இல் நைஸ் என்ற அரச அமைப்பு, 30 முதல் 80 மில்லி அளவுள்ள ப்ராஸ்டேட்டுக்கு இதை யோசிக்கலாம் என்று பரிந்துரை செய்தது. எனக்கு 48. பொது மருத்துவ சேவையிலேயே கிடைத்தது, காசு கொடுக்கவில்லை.

செய்கிற நேரம் ஒரு பிரச்சினையும் இல்லை. மயக்கம் மாதிரி ஒரு ஊசி, கண் விழித்தால் முடிந்திருந்தது. பின்னேரமே வீட்டுக்கு விட்டார்கள், டியூபோடு. கிட்டத்தட்ட ஒரு கிழமை அது இருந்தது. எல்லாருக்கும் அதோடு முடிவதில்லை. எடுத்த பிறகு சலம் (சிறுநீர்) போகாமல் திரும்பவும் டியூப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எரிவு. ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் ஓட வேண்டும், ஓடினால் நாலு துளி. இடைக்கிடை ரத்தம், செத்த தோல் மாதிரி சின்னத் துண்டுகள். இரண்டாம் மூன்றாம் கிழமைகளில், செய்யாமலே விட்டிருக்கலாம் என்று மனிசியிடம் சொன்னேன். சிகிச்சைக்கு முதல் நாட்களைவிட மோசம். ஆஸ்பத்திரியில் தந்த தாளில் "சிறிது அசௌகரியம்" என்று போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லை எழுதினவர் இதைச் செய்துகொண்டவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஆறாவது கிழமை அளவில் ஒரு நாள் விடிய எழும்பி யோசித்தால், இரவு ஒரு தடவைதான் போயிருக்கிறேன். மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள். இன்றைக்கும் நன்றாக இருக்கிறேன். செய்யச் சொல்லுவேன். ஆனால் அப்பாவுக்கு அந்த முதல் மாதத்தை ஒளிக்காமல் சொல்லுங்கோ. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்பதை, அன்றைக்கே சுகமாகிவிடும் என்று அவர் விளங்கிக்கொள்ளக் கூடாது.

பெருந்துறை செந்தில்:
சிவா அண்ணா, மிக்க நன்றி. கோவை டாக்டர் இந்த முதல் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மருந்தாளுநர் மீனா:
செந்தில், இரண்டு கேள்வி. ப்ராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை பி.எஸ்.ஏ. பார்த்தீர்களா, எவ்வளவு? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஏதாவது வரப்போகிறதா?

பெருந்துறை செந்தில்:
பி.எஸ்.ஏ. 2.6. நாலுக்குள் இருப்பதால் நார்மல் என்று லேப் தாளிலேயே இருக்கிறது. கண் புரைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறோம். ஏன் மேடம்?

மருந்தாளுநர் மீனா:
டியூட்டாஸ்டரைடு ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். உங்கள் அப்பாவின் 2.6ஐ 5.2 என்று படிக்க வேண்டும். லேப் கம்ப்யூட்டருக்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாது, அது நார்மல் என்றுதான் அடிக்கும். கவுண்டரில் வாரத்துக்கு ஒருவராவது இதே தாளோடு வருகிறார்.

கண் விஷயம்: டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்குப் புரை ஆபரேஷன் நடுவே கண்ணின் கருவிழிப்படலம் (ஐரிஸ்) தளர்ந்து தொய்ந்துவிடும், கண் பாப்பா சுருங்கும். 2005இல் இதைக் கண்டு சொன்னார்கள். முன்கூட்டியே தெரிந்தால் கண் டாக்டர் அதற்கேற்பத் தயாராக இருப்பார். மாத்திரையைச் சில நாள் நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், நிறுத்திய பிறகும் அந்தத் தளர்ச்சி வரலாம். கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

வைகைக்கரை டாக்டர்:
மீனா கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. ஆவியா டி.யு.ஆர்.பி.யா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

டி.யு.ஆர்.பி.யில் வெட்டி எடுத்த சதைத் துணுக்குகள் பரிசோதனைக்குப் போகும். யாரும் எதிர்பார்க்காத புற்றுநோய் சில சமயம் அங்கே தெரியவரும். நீராவி முறையில் துணுக்கே கிடையாது, எல்லாம் உள்ளேயே கரைந்துவிடுகிறது. அதனால் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிட்டுத்தான் ஆவி. 66 வயதில் திருத்திய பி.எஸ்.ஏ. 5.2 என்றால் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது நல்லது. பயப்பட வேண்டாம், 54 கிராம் ப்ராஸ்டேட்டே அவ்வளவு பி.எஸ்.ஏ.வைக் கொடுக்கலாம். ஆனால் ஊகத்தில் விட வேண்டாம். சிறுநீர் வேகம் அளக்கும் யூரோஃப்ளோ செய்யவில்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள்.

கிளேம் கணேசன்:
பணப் பக்கத்தை நான் சொல்கிறேன். இன்ஷூரன்ஸ் கிளேம் பார்க்கும் வேலை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நவீன சிகிச்சைகள் என்று 12 வகையைப் பட்டியலிட்டு, பாலிசிகள் அவற்றை ஒதுக்கக் கூடாது என்றது. அதில் ப்ராஸ்டேட்டுக்குப் பச்சை லேசரும் ஹோல்மியம் லேசரும் பெயரோடு இருக்கின்றன. நீராவி இல்லை. இல்லாததால் கிடைக்காது என்று அர்த்தமில்லை, ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இழுத்தடிக்க ஒரு காரணம் கிடைக்கும். அன்றைக்கே வீட்டுக்குப் போகும் டே-கேர் சிகிச்சைகளின் பட்டியலையும் பாலிசியில் பாருங்கள், பழைய பாலிசி என்றால் 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வரும். ஆஸ்பத்திரியில் "கிடைத்துவிடும் சார்" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். சிகிச்சையின் பெயர் போட்டு முன் அனுமதி எழுத்தில் வாங்குங்கள்.

பாய்லர் பாலு:
இவ்வளவு சின்ன வேலைக்கு ஏன் இவ்வளவு விலை?

வைகைக்கரை டாக்டர்:
உள்ளே விடும் கைக்கருவி ஒரே ஆளுக்கு ஒரே தடவை, அப்புறம் குப்பை. அதன் விலைதான் பில்லில் பெரிய பங்கு. டி.யு.ஆர்.பி. கருவியைக் கிருமி நீக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம்.

செந்திலின் அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். பையனின் போனில் இதையெல்லாம் படித்தேன். பெயர் வேண்டாம். பையன் கேட்கக் கூச்சப்படுவதை நானே கேட்டுவிடுகிறேன். எனக்கு வயது 66, மனைவி இருக்கிறாள். டி.யு.ஆர்.பி. செய்தால் தாம்பத்தியம் போய்விடும் என்று எங்கள் வாக்கிங் கோஷ்டியில் ஒருவர் சொன்னார். அதற்குத்தான் நான் முடிவு சொல்லாமல் இருந்தேன். உண்மையா? இன்னொன்று. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்தே விந்து வெளியே வருவது குறைந்துவிட்டது. வயசாகிவிட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வைகைக்கரை டாக்டர்:
ஐயா, நேராகக் கேட்டதற்கு நன்றி. ஆண்கள் பலர் இதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துக் கோபமாக வருகிறார்கள்.

விறைப்பு வேறு, விந்து வேறு. டி.யு.ஆர்.பி.யால் விறைப்பு போவது குறைவு. ஆனால் செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேல், பல கணக்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப் பையில் விழுந்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, உச்ச உணர்வு இருக்கும், ஆனால் வறண்டிருக்கும். சிலருக்கு அது பொருட்டே இல்லை. சிலருக்கு மனசு விட்டுப்போகிறது. நீராவி முறையில் விறைப்பில் புதிதாகக் குறை வரவில்லை என்பது அந்த ஐந்து வருடச் சோதனையின் முடிவுகளில் ஒன்று. விந்தும் பெரும்பாலானவர்களுக்குப் பழையபடி இருக்கிறது, சிறு பங்கினருக்கு அளவு குறைகிறது. கூடுதல் செலவுக்கும் அந்த முதல் மாதத்துக்கும் பதிலாக ஒருவருக்குக் கிடைப்பது முக்கியமாக இதுதான் என்பது என் அபிப்பிராயம். இது தேவையில்லை என்பவருக்கு டி.யு.ஆர்.பி.யே போதும், வாசுகி சொன்னதில் தவறில்லை.

உங்கள் குறைவுக்கு அந்த இரண்டு மருந்துமே காரணமாக இருக்கலாம். ஆவிக்குப் பிறகு அவற்றை நிறுத்த முடிந்தால் ஓரளவு திரும்பக்கூடும்.

ஹாரோ சிவா:
அண்ணை, எனக்குப் பிரச்சினை இல்லை. முதல் சில கிழமைகள் ரத்தம் கலந்து வந்தது, பயந்துபோனேன். பிறகு தெளிந்துவிட்டது.

சேலம் வாசுகி:
மாமனாரிடம் இதைப் பற்றி யாருமே பேசவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. மாமியாரிடம் கேட்கவா முடியும்!

பெருந்துறை செந்தில்:
கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. அதில் அளவு 61, நடு மடல் பைக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது. யூரோஃப்ளோவில் அதிகபட்ச வேகம் விநாடிக்கு 8 மில்லி. கண் டாக்டரிடம் மாத்திரையைச் சொன்னோம், நல்ல வேளை சொன்னீர்கள் என்று பைலில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். நடு மடல் இருந்தால் ஆவி முடியாது என்று ஒருவர் சொல்கிறாரே?

வைகைக்கரை டாக்டர்:
அது யூரோலிஃப்ட் முறைக்கு ஆரம்பத்தில் சொன்னது. அது சதையைக் கொக்கிபோட்டு இழுத்துக் கட்டுவது, நடு மடலுக்கு அதில் சிக்கல் இருந்தது. நீராவியில் நடு மடலுக்கும் ஊசி போடலாம். 61 என்பது 30-80 வரம்புக்குள்தான். நூறைத் தாண்டியிருந்தால் ஹோலெப் என்ற லேசர் முறைக்குப் போகச் சொல்லியிருப்பேன், அதற்கு அளவு வரம்பு கிடையாது.

செந்திலின் அப்பா:
முடிவு செய்துவிட்டேன். முதலில் கண், அது ஆறியதும் ஆவி. ரத்தம் இளக்கும் மாத்திரை எதுவும் நான் சாப்பிடுவதில்லை. சிவா தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி: கோவையிலிருந்து டியூபோடு காரில் வர வேண்டும், இரண்டு மணி நேரம் ஆகலாம். எப்படி?

ஹாரோ சிவா:
அண்ணை, காலில் கட்டுகிற சின்னப் பை தருவார்கள். முழங்காலுக்குக் கீழே கட்டுங்கோ, தொடையில் கட்டினால் இருக்கும்போது இழுக்கும். டியூபைத் தொடையில் ஒரு பிளாஸ்டரால் ஒட்டிவிடச் சொல்லுங்கோ. கால்சட்டை வேண்டாம், வேட்டிதான் வசதி. பை பாதி நிறைந்ததும் வழியில் நிறுத்திக் காலி செய்யுங்கோ, முழுக்க நிறைய விடாதீர்கள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரித் தண்ணீரைக் குறைக்கவே கூடாது, ரத்தம் கட்டிப்பட்டு டியூபை அடைத்துவிடும்.

மருந்தாளுநர் மீனா:
மலச்சிக்கல் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. முக்கினால் ரத்தம் மறுபடி வரும். காய்ச்சலோ குளிரோ வந்தாலும், டியூபில் எதுவும் இறங்காமல் வயிறு உப்பினாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுங்கள். அந்த நம்பரைக் கிளம்பும் முன்பே செந்தில் போனில் ஏற்றிவிடட்டும்.

பெருந்துறை செந்தில்:
ஏற்றிவிட்டேன். கணேசன் சார், முன் அனுமதிக்கு என்ன என்ன தாள் வேண்டும் என்று சொல்லுங்கள்.

கிளேம் கணேசன்:
டாக்டர் எழுதிய பரிந்துரைக் கடிதம், ஸ்கேன், எம்.ஆர்.ஐ., யூரோஃப்ளோ, பி.எஸ்.ஏ. தாள்கள். நான்கு வருடம் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தும் சரியாகவில்லை என்பது கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் வையுங்கள், பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.